ஆசிட்ல வாழுற இரும்புத்தீனி பாக்டீரியாவுக்கு எந்தச் சூடு ஒத்துக்கும்: நம்ம நாகர்கோவில் லேப்லயே கண்டுபிடிக்கிறது எப்படி

நம்ம ஊர் காலேஜ் லேப்ல ரெக்கார்ட் நோட்ட எடுத்துப் பாத்தீங்கன்னா எல்லாப் பிள்ளைகளும் "ரூம் டெம்பரேச்சர், 25 டிகிரி"ன்னு எழுதி வச்சிருக்கும். ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஃபேன் அனல் காத்த அடிச்சிக்கிட்டு கெடக்கும்போது 25 டிகிரி எங்கேருந்து மக்கா வரும்? செவுத்துல தொங்குற தெர்மாமீட்டர் 33 காட்டும், விடியக்காலம் 25, 26க்கு எறங்கும். மத்த ப்ராக்டிகலுக்கு இது பெரிய குத்தம் ஒண்ணுமில்ல. ஆனா நான் இப்ப சொல்லப்போற ஆளுக்கு அந்த ஏழெட்டு டிகிரிங்கிறது ஒரு நாள்ல முடியிற வேலைக்கும் கிட்டத்தட்ட ரெண்டு நாள் இழுக்கற வேலைக்கும் உள்ள வித்தியாசம்.

ஆளு பேரு ஆசிடித்தயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ். பழைய புக்குல தயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ்னு இருக்கும், ரெண்டும் ஒரே ஆள்தான், 2000ல பேர மாத்திட்டாங்க. 1947ல அமெரிக்காவுல நிலக்கரிச் சுரங்கத்துலேருந்து வடியிற ஆசிட் தண்ணி ஏன் இப்படி செவந்து கெடக்குன்னு தேடிப் போனப்பதான் இது மாட்டுச்சு. எலுமிச்சம்பழச் சாறு அளவுக்குப் புளிச்ச தண்ணிலதான் வாழும், பிஎச் 2 பக்கம் இருந்தா சந்தோஷமா இருக்கும். தண்ணில கரைஞ்ச ஃபெரஸ் இரும்ப ஃபெரிக்கா (எலக்ட்ரான் ஒண்ணு கூட இழந்த இரும்பு) மாத்தி அதுல வர்ற சக்திய வச்சு, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட எடுத்து ஒடம்பு வளக்கும். சோறு சக்கரை எதுவும் வேண்டாம், குடுத்தாலும் தொடாது.

இதுல ஒரு விஷயத்த மொதல்லயே மண்டைல ஏத்திக்கிடணும். ஃபெரஸ ஃபெரிக்கா மாத்துறதுல கெடைக்கிற சக்தி ரொம்பக் கம்மி. அதனால இது மலையளவு இரும்பத் தின்னு கடுகளவுதான் வளரும். ப்யூரெட்டுல பாத்தா இரும்பு மாறுறது நல்லாத் தெரியும், பாக்டீரியா பெருகுறது கண்ணுக்கே தெரியாது. அதுனாலயே பிள்ளைங்க இரும்ப மட்டும் அளந்துட்டு "வளர்ச்சி"ன்னு எழுதிடுது. வளர்றது வேற, இரும்ப மாத்துறது வேற. குளிர்ல ரெண்டும் ஒண்ணாத்தான் மந்தமாகும், ஆனா சூடு ஏறும்போது ரெண்டும் ஒரே எடத்துல நிக்காது, மொதல்ல வளர்ச்சி படுத்துரும், இரும்ப மாத்துற வேல அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் ஓடும். அந்த எடைவெளியப் பிடிக்கிறதுதான் இந்த எக்ஸ்பெரிமெண்ட்டோட ருசியே.

பொதுவா இந்த ஆளுக்கு 28லேருந்து 30 டிகிரி தோது. 10 டிகிரிக்கு வந்தா தூங்குற மாதிரி, 40ல வளராது. ஆனா ஆசிட் விரும்பி எல்லாமே இப்படித்தான்னு நெனச்சிராதீங்க. 2010ல தனி இனமா பிரிச்ச ஆசிடித்தயோபேசில்லஸ் ஃபெரிவொரன்ஸ்னு ஒண்ணு ஃப்ரிட்ஜ் குளிர்லயும் மெதுவா வேல பாக்கும். லெப்டோஸ்பிரில்லம் ஃபெரிஃபிலம் 37, 40 டிகிரில ஜாலியா இருக்கும். சல்ஃபோபேசில்லஸ் 45, 50 கேக்கும். ஆசிடியானஸ் பிரியர்லேயின்னு ஒரு ஆர்க்கியா (பாக்டீரியா மாதிரியே இருக்கற வேற வகை நுண்ணுயிர்) 70 டிகிரில குளிக்கும். கலிஃபோர்னியால அயர்ன் மவுண்டன்னு ஒரு பழைய சுரங்கம் இருக்கு, உள்ள தண்ணி 47 டிகிரி வரைக்கும் சூடா இருந்துச்சு, பிஎச் மைனஸ் 3.6 வரை அளந்துருக்காங்க (ஆமா, மைனஸ்தான்).

இதெல்லாம் எதுக்குன்னா, தங்கம், செம்பு, நிக்கல் எடுக்கற எடத்துல இந்தப் பாக்டீரியாவ வேலைக்கு வச்சிருக்காங்க. தாதுல இருக்கற பைரைட்டு (இரும்புச் சல்ஃபைடு) ஆக்சிடைஸ் ஆகும்போது சூடு கெளம்பும். தென்னாப்பிரிக்கால 1986லயே ஃபேர்வியூ சுரங்கத்துல தங்கத் தாதுவ டேங்குல போட்டு 40 டிகிரி பக்கம் ஓட்ட ஆரம்பிச்சாங்க, அங்க தலைவலி சூடாக்குறது இல்ல, குளிர வைக்கிறதுதான். ஃபின்லாந்துல டல்விவாரான்னு ஒரு எடத்துல மேல பனி கெடக்க, தாதுக் குவியலுக்குள்ள அதுவே உண்டாக்குன சூட்டுல பாக்டீரியா வேல பாத்துச்சு. நம்ம நாட்டுல பெங்களூரு ஐஐஎஸ்சில பேராசிரியர் கே. ஏ. நடராஜன் இந்தத் துறைல ரொம்ப வருஷம் வேல செஞ்சவர், வைவால கேட்டா சொல்லிக்கிடுங்க.

சரி, கல்ச்சர் எங்க கெடைக்கும்? இங்க ஒரு தப்பு நடக்கும், அதச் சொல்லிடுறேன். நம்ம ஏலாவுக்குள்ள (வயக்காட்டுக்குள்ள) போற வாய்க்கால் ஓரத்துல, செம்மண் கரைலேருந்து ஊறி வர்ற தண்ணில ஆரஞ்சு கலர்ல கொழகொழன்னு ஒரு படிவு இருக்கும், மேல எண்ண சிந்துன மாதிரி பளபளப்பா ஒரு ஏடு. குச்சிய வச்சு அந்த ஏட்டத் தொட்டுப் பாருங்க, கண்ணாடி ஒடையிற மாதிரி துண்டு துண்டா ஒடஞ்சு தள்ளிப் போகும். எண்ணையா இருந்தா திரும்பச் சேந்துரும். அப்போ அது இரும்பு பாக்டீரியா வேலதான், ஆனா அந்தத் தண்ணியோட பிஎச் 6, 7 இருக்கும். அதுல இருக்கறது காலியோனெல்லா, லெப்டோத்ரிக்ஸ் மாதிரி ஆளுங்க, ஆசிட்ல போட்டா செத்துரும். ஒரு தங்கச்சி ஒரு மாசம் அந்தச் சேத்த வச்சு மல்லுக்கட்டிட்டு அழுதுக்கிட்டு வந்துச்சு. அதே மாதிரி மணவாளக்குறிச்சி கருமணலையும் எடுத்துட்டு வராதீங்க, அதுல இருக்கற இல்மனைட்டு ஆக்சைடு, நமக்கு வேண்டியது சல்ஃபைடு உள்ள எடம். கிட்டத்துல பாத்தா கேரளால குட்டநாட்டு கரி நெலம் இருக்கு, அங்க சேத்துக்கு அடில பைரைட்டு கெடக்கு, தண்ணி வடிஞ்சு காத்துப் பட்டா மண்ணு புளிச்சுப் போயிரும். அங்கேருந்து மண்ணு எடுத்து வளத்துப் பாக்கலாம்தான், ஆனா வர்றது கலப்புக் கல்ச்சரா இருக்கும். டெம்பரேச்சர் எக்ஸ்பெரிமெண்ட்டுக்கு கலப்பு ஆகவே ஆகாது, ஏன்னா 30ல ஒருத்தன் வேல பாப்பான், 38ல இன்னொருத்தன் எழும்பிருவான், கிராஃப்ல ரெண்டு மேடு வந்து ஒங்களுக்கு ஒண்ணும் புரியாது. அதனால சண்டிகர் எம்டிசிசி, பூனா என்சிஐஎம் மாதிரி கல்ச்சர் பேங்குல கேட்டு சுத்தமான ஸ்ட்ரெயின் வாங்குங்க, வந்ததும் 30 டிகிரில ரெண்டு மூணு தடவ மாத்தி ஊத்தி தெம்பாக்கிக்கிடுங்க.

மீடியம், அதாவது பாக்டீரியாவ வளக்கற சத்துக் கரைசல், 9கே. 1959லேருந்து இதான் எல்லாரும் பாவிக்கறது, லிட்டருக்கு சுமார் 9 கிராம் இரும்பு இருக்கறதால அந்தப் பேரு. அமோனியம் சல்ஃபேட் 3 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.1, டை பொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5, மெக்னீசியம் சல்ஃபேட் 0.5, கால்சியம் நைட்ரேட் 0.01, இதெல்லாம் 700 மில்லில கரைச்சு ஆசிட் விட்டு ஆட்டோகிளேவ் பண்ணுங்க. ஃபெரஸ் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட்ட தனியா 300 மில்லில. ஒரிஜினல் கணக்கு 44.2 கிராம், ஆனா நான் எப்பவும் பாதிதான், 22.1 கிராம். காரணம் பின்னாடி வருது. இரும்புக் கரைசல ஆட்டோகிளேவ்ல வைக்கக் கூடாது, வச்சா வெளிய எடுக்கும்போது பழுப்பு நெறத்துல சாம்பார் மாதிரி இருக்கும், 0.2 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டித்தான் சேக்கணும். ரெண்டையும் சேத்ததுக்கப்புறம் சல்ஃப்யூரிக் ஆசிட் விட்டு பிஎச் 1.8க்குக் கொண்டு வாங்க. ரப்பர் பால் ஒறைய வைக்க ஆசிட் ஊத்துன வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டாம், மத்தவங்களுக்குச் சொல்றேன், தண்ணில ஆசிட ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தப்பிடாது.

ஃபெரஸ் சல்ஃபேட் பாட்டில ஒரு தடவ நல்லாப் பாருங்க. பச்சையும் நீலமும் கலந்த படிகமா இருக்கணும். நம்ம ஊரு கடக்காத்துக்கும் ஈரப்பதத்துக்கும் மூடிய சரியா மூடாத பாட்டில் ஆறு மாசத்துல மஞ்சள் பவுடர் பூசுன மாதிரி ஆயிரும், அது ஏற்கனவே ஃபெரிக்கா மாறுன பங்கு. அத எடை போட்டீங்கன்னா ஆரம்பக் கணக்கே பொய்.

இனி சூடு. 20, 25, 30, 35, 40, இந்த அஞ்சு போதும், முடிஞ்சா 10ம். சாதா இன்குபேட்டருக்கு சூடாக்கத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. ரூம் 33 இருக்கும்போது டயல 30ல வச்சா அது சும்மா நின்னுக்கிட்டு 34 காட்டும், காட்டக்கூட வேண்டாம், உள்ள 34 இருக்கும். இதுல நானே நல்லா ஏமாந்துருக்கேன், ஒரு மே மாசம் முழுக்க "30"ன்னு எழுதி வச்ச ரீடிங் பூராவும் 33, 34 டிகிரி ரீடிங், டயலுக்குக் கீழ ஒரு தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கணும்னு தோணல, ஜூன்ல சாரல் புடிச்சதும் அதே "30"ல ரிசல்ட் வேற மாதிரி வந்ததுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. 30ம் அதுக்குக் கீழயும் குளிர வைக்கவும் தெரிஞ்ச பிஓடி இன்குபேட்டர்தான் வேணும். எல்லா லேப்லயும் ஒண்ணு இருந்தா அதிகம், அதையும் நாலு பேரு பங்கு போட்டுக்கிட்டு ஆளாளுக்கு ஒரு டிகிரி வைப்பாங்க.

இல்லன்னா ஒரு நாட்டு வழி இருக்கு. குளச்சல், முட்டம் பக்கம் மீன் ஐஸ் போட்டு அனுப்புற தெர்மோகோல் பெட்டி இருக்கு பாத்தீங்களா, அதுல ரெண்டு வாங்கிக் கழுவுங்க (நல்லாக் கழுவுங்க, இல்லன்னா டிபார்ட்மெண்ட் முழுக்க சாளை மணக்கும்). பாதி தண்ணி ஊத்தி ஃபிளாஸ்க்க கழுத்துவரை நிறுத்தி வைக்கலாம். ஒண்ணுல மீன் தொட்டி ஹீட்டர் போட்டா 34 வரைக்கும் அழகா நிக்கும். இன்னொண்ணுல தண்ணிய உறைய வச்ச ஒரு லிட்டர் பாட்டில்கள மாத்தி மாத்திப் போட்டு 20 பக்கம் வைக்கலாம், ஒரு டிகிரி முன்ன பின்ன ஆடும், ஆடட்டும், ஆனா எவ்வளவு ஆடுச்சுன்னு எழுதுங்க. எந்த முறையா இருந்தாலும் ஒரு டம்மி ஃபிளாஸ்க்ல அதே அளவு தண்ணி ஊத்தி தெர்மாமீட்டர முக்கி வச்சு, அந்த ரீடிங்கத்தான் நோட்டுல ஏத்தணும். ஃபிளாஸ்க்க குலுக்குற ஷேக்கர் ஓடும்போது மோட்டார் சூட்டுல உள்ள ஒண்ணு ரெண்டு டிகிரி கூடும், அதையும் இந்த டம்மிதான் காட்டிக் குடுக்கும்.

ஃபிளாஸ்க் 250 மில்லி, மீடியம் 90, இனாகுலம் (வெதையா ஊத்துற பழைய கல்ச்சர்) 10 மில்லி. ஒவ்வொரு டெம்பரேச்சருக்கும் மூணு ஃபிளாஸ்க்கும் பாக்டீரியா போடாத ஒண்ணும். அந்த வெறும் ஃபிளாஸ்க்க வேஸ்ட்டுன்னு நெனைக்காதீங்க. பிஎச் 2க்குக் கீழ ஃபெரஸ் தானா காத்துல மாறுறது ரொம்ப ரொம்ப மெதுவு, அதனால ஒரு வாரம் ஆனாலும் அதோட ரீடிங் பெருசா அசையக் கூடாது. அசைஞ்சா ஒங்க மீடியத்துல கோளாறு, இல்ல யாரோ பிப்பெட்ட மாத்திப் போட்டாங்க.

இனாகுலத்தப் பத்தி ஒண்ணு. 30ல வளந்த கல்ச்சர நேரா 20ல கொண்டு போட்டா அது ஊர் மாறிப் போன பிள்ள மாதிரி ஒரு ரெண்டு நாள் சும்மா உக்காந்துருக்கும். அந்த உக்காந்த நேரத்தையும் சேத்து ரேட் போட்டா 20 டிகிரி அநியாயத்துக்கு மோசமாத் தெரியும். வளர்ச்சிய அளக்கணும்னா அந்தந்த டெம்பரேச்சர்லயே ரெண்டு தடவ மாத்தி ஊத்தி பழக்கிட்டு மூணாவது தடவதான் அளக்கணும். 40ல ரெண்டாவது தடவையே எழும்பாது, பரவால்ல, அதுவும் ஒரு ரிசல்ட்தான். அதச் சொல்ல வெக்கப்பட்டு விட்டுறாதீங்க.

அளக்கறதுக்கு பெர்மாங்கனேட் டைட்ரேஷன், பிஎஸ்சில பண்ணுன அதேதான். ஆக்சாலிக் ஆசிட வச்சு 60 டிகிரில ஸ்டாண்டர்டைஸ் பண்ணுன 0.02 மோலார் கரைசல அன்னன்னிக்கு மொத்தம் அஞ்சு மடங்கா வர்ற அளவுக்குத் தண்ணி சேத்து 0.004 ஆக்குங்க. அந்த அளவுல ஒரு மில்லி பெர்மாங்கனேட் 1.117 மில்லிகிராம் ஃபெரஸுக்குச் சமம். 2 மில்லி சாம்பிள், 20 மில்லி தண்ணி, கொஞ்சம் நீத்த சல்ஃப்யூரிக் ஆசிட், ஃபெரிக் மஞ்சள் நெறம் எண்ட் பாயிண்ட்ட மறைக்காம இருக்க ரெண்டு மில்லி பாஸ்பாரிக் ஆசிட். லேசா ரோஸ் நெறம் அரை நிமிஷம் நின்னா போதும், நாட்டு ரோஜா கலர் வர்ற வரைக்கும் விட்டீங்கன்னா தாண்டிப் போயிட்டீங்க. புது மீடியத்துக்கு ஏறக்குறைய 7.95 மில்லி ஆகும்.

இப்ப எல்லாரும் தப்பு பண்ணுற எடத்துக்கு வந்தாச்சு, கவனமாக் கேளுங்க. 30 டிகிரி ஃபிளாஸ்க்ல பூஜ்ய நேரத்துல 7.15 மில்லி வருதுன்னு வைங்க, பத்து மணி நேரம் கழிச்சு 6.35, இன்னும் பத்து மணி நேரத்துல 4.75. பிள்ளைங்க என்ன பண்ணும்? மொதல் ரீடிங்க கழிச்சு 0.8 கொறைஞ்சுது, அப்புறம் 2.4 கொறைஞ்சுதுன்னு போட்டு லாக் எடுத்தா கோடு வளைஞ்சு போகும், கைடு வந்து திட்டுவாரு. மொதல் ரீடிங்க கழிக்காதீங்க. 7.95லேருந்து எல்லாத்தையும் கழிங்க: 0.80, 1.60, 3.20. பாத்தீங்களா, பத்து மணிக்கு ஒருக்க ரெட்டிக்குது! ஏன்னா நீங்க ஊத்துன இனாகுலம் தன்னோட ஃபெரிக்கையும் கூடவே கொண்டு வந்துருக்கு, அது அந்தப் பாக்டீரியா ஏற்கனவே தின்ன கணக்கு. தின்ன மொத்தத்துக்கும் இருக்கற தலைகளுக்கும் ஒரு விகிதம் இருக்கறதால அதையும் சேத்தாதான் லாக் போட்டா நேர்கோடு வரும். (இனாகுலமும் அதே மீடியத்துல முழுசா இரும்பத் தின்னு முடிச்சதா இருக்கணும், அது முக்கியம்.) இதுக்காகத்தான் இனாகுலம் 10 மில்லின்னு சொன்னேன், 2 மில்லி போட்டா ஆரம்ப வித்தியாசம் ப்யூரெட்டுல 0.16 மில்லிதான் வரும், அத எந்தக் கண்ணு சரியாப் பாக்கும்.

0.693ஐ ரெட்டிக்கிற நேரத்தால வகுத்தா வளர்ச்சி ரேட். 10 மணி நேரம்னா மணிக்கு 0.069. 30ல இந்த ஆளு நல்லா இருந்தா ஏழுலேருந்து பன்னண்டு மணி நேரத்துக்குள்ள ரெட்டிக்கும், அதனால நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்க ரீடிங் எடுத்தே ஆகணும், காலைல பத்து மணிக்கும் சாய்ங்காலம் நாலு மணிக்கும் மட்டும் எடுத்துட்டு வீட்டுக்குப் போனா ராத்திரியோட கத முடிஞ்சுரும். ஒரு ராத்திரி முழிக்கிறதத் தவிர வேற வழி இல்ல, ஹெச்ஓடிகிட்ட முன்னாடியே எழுதி வாங்கிக்கிடுங்க, வாட்ச்மேன் அண்ணனுக்கும் சேத்து ஃபிளாஸ்க்ல (லேப் ஃபிளாஸ்க் இல்ல) கட்டன் சாயா கொண்டு போங்க.

தலைய எண்ணவும் வேணும், இல்லன்னா வளர்ச்சின்னு சொல்ல முடியாது. கலரிமீட்டர்ல ஓடி (கலங்கல் அளவு) பாக்கற வேலைக்கே போகாதீங்க, ஃபெரிக் நெறமும் மஞ்சப் படிவும்தான் ரீடிங்கா வரும், அதப் பாத்து சூடு கூடக் கூட பாக்டீரியா அமோகமா வளருதுன்னு எழுதுன ஒரு ரிப்போர்ட்ட நானே பாத்துருக்கேன். அந்த மஞ்சப் படிவு பேரு ஜாரோசைட்டு. பொட்டாசியமும் ஃபெரிக்கும் சல்ஃபேட்டும் சேந்து உண்டாகறது, சூடு கூடுனாலும் பிஎச் ஏறுனாலும் ஜாஸ்தியாப் படியும். ஃபெரஸ் மாறும்போது ஆசிட் செலவாகி பிஎச் கொஞ்சம் ஏறும், பின்னாடி ஃபெரிக் படியும்போது ஆசிட் வெளிய வந்து திரும்ப எறங்கும், அந்த ஏத்த எறக்கத்த பிஎச் மீட்டர்ல தெனமும் குறிச்சு வச்சா நல்லா இருக்கும். இரும்ப பாதியாக் கொறைச்சதும், பிஎச் 1.8ல ஆரம்பிச்சதும் இந்தப் படிவக் கட்டுப்படுத்தத்தான். பாக்டீரியா அந்தப் படிவுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், மேல இருக்கற தண்ணில எண்ணுனா பாதிதான் மாட்டும். அதனால சாம்பிள்ல கொஞ்சம் நீத்த ஆக்சாலிக் ஆசிட் விட்டு படிவக் கரைச்சுட்டு நியூபாயர் சேம்பர்ல (கட்டம் போட்ட எண்ணுற ஸ்லைடு) 400 மடங்குல, ஃபேஸ் கான்ட்ராஸ்ட் இருந்தா அதுல, அஞ்சு நிமிஷம் அடங்க விட்டு எண்ணுங்க. நீளமே ஒரு மைக்ரான் சொச்சம்தான், அரிசிக் குருணைய மொட்ட மாடிலேருந்து பாக்கற மாதிரி இருக்கும். கண்ணு வலிக்கும், ஒரே ஆளே எல்லா ஃபிளாஸ்க்கையும் எண்ணுறது நல்லது.

35, 40 டிகிரி ஃபிளாஸ்க்ல தண்ணி ஆவியாப் போகும், பஞ்சு அடைப்பு வழியா மூணு நாள்ல கண்ணால தெரியிற அளவுக்குக் கொறையும், ரீடிங்கு பொய்யா ஏறும். ஆரம்பத்துலயே எடை போட்டு வச்சு, ஒவ்வொரு தடவயும் சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி பிஎச் 1.8 தண்ணி விட்டு எடைய சரி பண்ணிட்டு எடுங்க, எடுத்த 2 மில்லியையும் கணக்குல வச்சுக்கிட்டு. இன்னொண்ணு ஆக்சிஜன். 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும், 30ல 7.5, 40ல 6.4. சூட்டுக்கு பாக்டீரியாவோட பசி கூடும்போது மூச்சுக்காத்து கொறையுது. ஷேக்கர் இல்லாம ஃபிளாஸ்க்க நிறுத்தி வச்சு பண்ணுனீங்கன்னா 30க்கு மேல ரேட் ஏறாம தட்டையா நிக்கும், அது சூட்டோட குத்தமில்ல, காத்து பத்தல.

அதக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கு, அர்ரீனியஸ். ரேட்டோட இயற்கை லாக்க மேலயும், 1 வகுத்தல் கெல்வின் டெம்பரேச்சர கீழயும் போட்டு 20, 25, 30 மூணு புள்ளிக்கும் கோடு இழுங்க. உதாரணத்துக்கு 20ல 20 மணி நேரத்துல ரெட்டிச்சது 30ல 10 மணில ரெட்டிச்சா, 8.314ஐ 0.693ஆல பெருக்கி, 293ல ஒண்ணுக்கும் 303ல ஒண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுத்தா ஆக்டிவேஷன் எனர்ஜி மோலுக்கு 51 கிலோஜூல் பக்கம் வரும். என்சைம் வேலைக்கு இது நல்ல நம்பர். ஒங்களுக்கு 15, 20தான் வந்துச்சுன்னா நீங்க அளந்தது பாக்டீரியாவ இல்ல, காத்து தண்ணிக்குள்ள எறங்குற வேகத்த. மீடியத்தக் கொறச்சு 50 மில்லி ஆக்கி நல்லாக் குலுக்கித் திரும்பப் பண்ணுங்க. 35, 40 புள்ளிய இந்தக் கோட்டுல சேத்து இழுக்கப்பிடாது, அங்க கோடு தல குப்புற விழும், அந்த விழுற எடம்தான் ஒங்களுக்கு வேண்டியது.

கடைசியா, நான் மொதல்ல சொன்ன அந்த எடைவெளி. 30 டிகிரில ஒரு லிட்டர் வளத்து, வாட்மேன் பேப்பர்ல ஜாரோசைட்ட வடிகட்டி எறிஞ்சுட்டு, மிச்சத்த சென்ட்ரிஃப்யூஜ்ல பத்தாயிரம் ஆர்பிஎம்ல இருவது நிமிஷம் சுத்துங்க. ட்யூபுக்கு அடில மூக்குப்பொடி போட்ட மாதிரி ஒரு பழுப்புப் பொட்டு, அவ்வளவுதான் கெடைக்கும், ஒரு லிட்டருக்கு இவ்வளவுதானான்னு மனசு ஒடஞ்சிராதீங்க. பிஎச் 2 ஆசிட் தண்ணில ரெண்டு தடவ கழுவி 20 மில்லில கலக்கி ஐஸ்ல வைங்க. அந்தந்த டெம்பரேச்சர்ல முன்னாடியே வச்சு சூடு பிடிச்ச 49 மில்லி இரும்புக் கரைசல்ல ஒரு மில்லி இதப் போட்டு, இருவது நிமிஷத்துக்கு ஒருக்க ரெண்டு மணி நேரம் டைட்ரேட் பண்ணுங்க. ரெண்டு மணில யாரும் பெருக மாட்டாங்க, அதனால இங்க லாக் வேண்டாம், நேராப் போடுங்க. இருக்கற ஆளுங்க எவ்வளவு வேகமா தின்னுறாங்கங்கிறது மட்டும் தெரியும். இதுல 35 டிகிரி, 30 டிகிரிய முந்துனாலும் ஆச்சரியப்படாதீங்க, வளர்ச்சி கிராஃப்ல அதே 35 பின்தங்கி இருக்கும். 40ல மொத அரை மணி நேரம் கிடுகிடுன்னு ஓடி அப்புறம் கோடு மெல்ல வளைஞ்சு படுக்கும், ஏற்கனவே இருந்த என்சைம் ஓடிப் பாத்துட்டு சூட்டுல கெடுது. ரெண்டு கிராஃப்பையும் ஒரே தாள்ல, டெம்பரேச்சர கீழ வச்சு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா வரைஞ்சு காட்டுங்க, எக்ஸ்டர்னல் வேற எதையும் கேக்க மாட்டாரு.

கறண்டப் பத்தியும் சொல்லணும். 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்போ ஊரே இருட்டுல கெடந்துச்சு, லேப்ப பத்தி யாருக்கு நெனப்பு இருக்கும், கடலுக்குப் போனவங்க திரும்பலன்னு ஊர் பூரா அழுதுக்கிட்டு கெடந்த நேரம். ஒரு வாரம் கழிச்சு போய்த் தெறந்து பாத்தா ஷேக்கர் நின்னு பிஓடி செத்துப் போயி கெடக்கு, உள்ள இருந்த 20 டிகிரி ஃபிளாஸ்க்கெல்லாம் எந்த டிகிரில இருந்துச்சோ ஆண்டவனுக்குத்தான் தெரியும், எல்லாம் வீண். ஆனா யாரோ மறந்து ஜன்னலோரம் பெஞ்சுல விட்டுட்டுப் போன ஒரு ஃபிளாஸ்க் மட்டும் குலுக்க ஆளில்லாமலேயே செங்கல் கலர்ல தெளிஞ்சு நின்னுச்சு, டைட்ரேட் பண்ணுனா ஃபெரஸ் ஒரு சொட்டும் இல்ல. நம்ம ஊரு ரூம் டெம்பரேச்சரே அதுக்கு வேண்டிய டெம்பரேச்சர்தானே. அதுலேருந்து கல்ச்சர உயிரோட வைக்க நான் இன்குபேட்டர நம்புறதில்ல, பெஞ்சுல ஒண்ணு, ஃப்ரிட்ஜ்ல 4 டிகிரில ஒண்ணு, மாசம் ஒருக்க புது மீடியத்துக்கு மாத்துறது. எக்ஸ்பெரிமெண்ட் ஓடும்போது மட்டும் மேக்சிமம் மினிமம் தெர்மாமீட்டர் ஒண்ண பெட்டிக்குள்ள போட்டு வைங்க, ராத்திரி கறண்டு போச்சா இல்லையான்னு காலைல அது சொல்லிரும்.

முடிஞ்சதும் சிங்க்ல அப்படியே கவுக்காதீங்க. இந்தப் பாக்டீரியா ஆளுகள ஒண்ணும் பண்ணாது, ஆனா அந்த ஆசிட்டும் இரும்பும் பைப்ப அரிச்சுரும், கறையும் போகாது. ஒரு பழைய வாளில ஊத்தி சுண்ணாம்பக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டுக் கலக்குங்க, பொங்குனா நிறுத்திட்டு திரும்பப் போடுங்க, பிஎச் 7 வந்ததும் இரும்பு முழுக்க பழுப்புச் சேறா அடில தங்கும், மேல தெளிஞ்ச தண்ணிய ஊத்திட்டு சேத்தக் காய வச்சு லேப் கழிவோட குடுத்துருங்க. கைல பட்ட பெர்மாங்கனேட் கறைக்கு மிச்சம் இருக்கற ஆக்சாலிக் ஆசிட ஒரு சொட்டு தேச்சு ஒடனே சோப்பு போட்டுக் கழுவிட்டுச் சாப்பிடப் போங்க.